பட்டணத்தில் குடியேறிய நரி: இங்கிலாந்து தேசத்தின் அநுபவம்

நரி என்றவுடன் கரும்புக் கொல்லையும், கடலைக் காடும், இரவில் காவற்பரணில் தகரம் தட்டும் ஓசையுமே தமிழ் நாட்டு விவசாயிகளின் நினைவுக்கு வரும். ஊருக்குள் அது தலைகாட்டுவது இருட்டிய பிறகுதான்; அதுவும் கோழியின்மேல் ஆசை மிகுந்த சமயங்களில்தான். பட்டப்பகலில் கடைவீதியில் நரி நடந்து போயிற்று என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் நகைப்பர். இங்கிலாந்து தேசத்திலோ இது நகைப்புக்குரிய விஷயமாக இல்லை. லண்டன், பிரிஸ்டல் முதலிய பெரிய நகரங்களில் வீட்டுத் தோட்டங்களிலும், ரயில் பாதையின் கரைகளிலும், இடுகாடுகளிலும் நரிகள் குடும்பம் குடும்பமாக வசித்து வருகின்றன. 2011-ம் வருஷத்தில், லண்டனில் அப்பொழுது கட்டப்பட்டு வந்த ‘ஷார்ட்’ என்னும் மிக உயர்ந்த கட்டடத்தின் 72-வது மாடியில் ஒரு நரி காணப்பட்டது. கட்டட வேலையாட்கள் தின்று மிச்சம் விட்ட உணவே அதற்கு ஆகாரமாக இருந்ததாம்.

பிரிட்டன் முழுவதிலும், குட்டி போடும் பருவத்துக்கு முன், சுமார் 2,40,000 நரிகள் இருந்தன என்றும், அவற்றில் சுமார் 33,000 நகரவாசிகள் என்றும் 1995-ம் வருஷத்தில் வெளியான ஒரு கணக்குக் கூறுகிறது. பிற்காலத்து மதிப்பீடுகள் நகர நரிகளின் தொகையை இதனினும் பன்மடங்கு அதிகமாகவே காட்டுகின்றன. இவற்றால் நேரும் தொல்லைகள் பல. கோழிக்கூட்டை உடைத்தல், குப்பைப் பைகளைக் கிழித்துத் தெருவில் இறைத்தல், பாத்திகளைத் தோண்டுதல், வீட்டின் மரத்தளத்துக்குக் கீழே வளை அமைத்துத் துர்நாற்றம் பரப்புதல், மாரிக்காலத்து இரவுகளில் தூக்கம் கெடும்படி கூச்சலிடுதல் ஆகியவை முக்கியமானவை. “இவற்றை உடனே ஒழிக்க வேண்டும்” என்று ஒரு வீட்டுக்காரர் நகரசபைக்கு மனுக் கொடுக்கிறார். அடுத்த வீட்டுக்காரரோ அதே நரிக்கு மாலைதோறும் தட்டில் மாமிசம் வைத்து அழகு பார்க்கிறார். இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஸ்தல ஸ்தாபன அதிகாரிகள் பல வருஷங்களாகப் பெற்ற அநுபவம், வனப்பிராணிகளால் தொல்லைப்படும் எந்த நாட்டினருக்கும் பயன்படக் கூடியது.

முதலில் ஒரு விளக்கம். இங்கே பேசப்படுவது செந்நரி. தமிழ் நாட்டுக் கிராமங்களின் ஓரத்தில் ஊளையிடும் நரி வேறு இனம். செந்நரியின் உடல் செம்பழுப்பு; வால் அடர்ந்தது; வாலின் நுனி பெரும்பாலும் வெண்மை. எடை 12 முதல் 15 ராத்தல் வரையில்தான் இருக்கும். பெரிய பூனையொன்றைக் காட்டிலும் சற்றே கனம் என்று சொல்லலாம். அடர்ந்த ரோமம் காரணமாக அது உண்மையிலும் பெரியதாகத் தோன்றுகிறது. செய்தித்தாள்களில் வரும் “இராட்சத நரி”களின் வரலாற்றைப் படிக்கும்பொழுது இதை நினைவில் வைப்பது நல்லது.

நகரத்துக்கு நரி வந்த விதம்

கிராமத்தில் இரை குறைந்து, வேட்டைக்காரருக்கும் அஞ்சி, நரிகள் நகரத்தில் தஞ்சம் புகுந்தன என்பது ஜனங்களிடையே உலவும் கதை. உண்மையில் நகரமே நரியைத் தேடிச் சென்றது. முதல் உலக யுத்தத்துக்கும் இரண்டாவது உலக யுத்தத்துக்கும் இடையே, 1920-களிலும் 1930-களிலும், லண்டன் முதலிய நகரங்களின் புறத்தே மத்தியதர வகுப்பினருக்காக ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள். ஒவ்வொன்றின் பின்னும் நீண்ட தோட்டம். புல்வெளி, வேலிச்செடி, சாமான் கொட்டகை, பழமரம். வயலாக இருந்த நிலம் இவ்விதம் தோட்டமாக மாறியபொழுது, அங்கே முன்னரே இருந்த நரிகளுக்கு இருப்பிடமும் ஆகாரமும் குறையவில்லை; கூடின. நெருக்கமான தொழிலாளர் வீடுகளும் சிறு முற்றங்களும் நிறைந்த வடபகுதி நகரங்கள் பலவற்றில் நெடுங்காலம் நரிகள் அரிதாகவே இருந்தன என்பது இதற்குச் சான்று.

செந்நரி எதையும் தின்னும் பிராணி. மழை பெய்த இரவில் புல்வெளிமேல் வரும் மண்புழுக்களைப் பொறுக்கித் தின்னும். வண்டுகள், எலிகள், புறாக்கள், உதிர்ந்த பழங்கள், பறவைகளுக்கென்று வைத்த தானியம், எச்சில், குப்பை, மனிதர் பிரியத்தோடு போடும் தீனி ஆகிய யாவும் அதற்குச் சம்மதமே. ஒரு நரிக் குடும்பத்துக்கு வேண்டிய எல்லையின் பரப்பு இரையைப் பொறுத்தது. மலைநாட்டில் ஒரு குடும்பம் ஏறக்குறைய 10,000 ஏக்கர் சுற்றி அலைய நேரிடும். பிரிஸ்டல் நகரத்தின் செழிப்பான தோட்டப் பகுதிகளிலோ 50 ஏக்கர் போதுமானதாக இருந்திருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் பதித்துக்கொண்டால், இக்கட்டுரையில் பின்னால் வரும் விஷயங்களில் பெரும்பகுதி தானே விளங்கும்.

அதன் வருஷக் கிரமமும் அறியத்தக்கது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரையில் இணைசேரும் பருவம். அக்காலத்தில் பெண் நரி இடும் அலறல், யாரையோ கொலை செய்கிறார்கள் என்று எண்ணும்படி இருக்கும். போலீஸாருக்குத் தகவல் கொடுத்தவர்களும் உண்டு. 52 அல்லது 53 நாட் சினைக்குப் பிறகு, பெரும்பாலும் மார்ச்சு மாதத்தில், நான்கு அல்லது ஐந்து குட்டிகள் பிறக்கின்றன. ஏப்ரல் கடைசியில் அவை வளையை விட்டு வெளியே வந்து விளையாடும். ஜூன் மாதத்துக்குப் பிறகு வளையின் தேவை பெரிதும் நீங்கிவிடும். இலையுதிர் காலம் முதல் இளம் நரிகள் தாய் தந்தையரின் எல்லையை விட்டுச் சொந்த இடம் தேடிப் புறப்படுகின்றன. நகரத்து நரிகளில் பெரும்பாலானவை இரண்டு வயதைக் காண்பதில்லை. மோட்டார் வண்டியே அவற்றுக்கு யமன்.

கொன்று பார்த்த கதை

நரிகளை ஒழிக்க வேண்டுமானால் கொல்வதே வழி என்று எண்ணுவது இயற்கை. அவ்விதமே செய்தும் பார்த்தார்கள். 1970-களில் லண்டன் நகரத்தின் ஸ்தல நிர்வாகப் பிரிவுகளாகிய பரோக்களிற் சில, நரிகளைச் சுட்டும் பொறிவைத்துப் பிடித்தும் கொல்வதற்கென்றே ஆட்களை நியமித்திருந்தன. பொதுப்பணம் செலவாயிற்று, நரிகள் இறந்தன, நரித்தொகை மட்டும் குறையவில்லை. 1980-களில் பெரும்பாலான பரோக்கள் இம்முயற்சியைக் கைவிட்டன. இரக்கத்தினால் மட்டும் கைவிட்டார்கள் என்று எண்ணலாகாது. கணக்குப் பார்த்தே கைவிட்டார்கள்.

இதன் காரணம் எளிது. ஓர் எல்லையை ஆண்டுவந்த நரி கொல்லப்பட்டால், அந்த எல்லையும் அதிலுள்ள தீனியும் அப்படியே இருக்கின்றன. இடம் தேடி அலையும் இளநரிகளுக்குக் குறைவில்லை. சில நாட்களிலேயே புதிய நரியொன்று அங்கே வந்து உரிமை கொண்டாடுகிறது. சில சமயம், ஒரு பங்காளி இறந்த இடத்துக்கு இருவர் வருவதுபோல, இரண்டு மூன்று நரிகள் வந்து தங்களுக்குள் சண்டையிட்டு முன்னிலும் அதிகக் கூச்சல் விளைவிப்பதும் உண்டு. அதுவரையில் குட்டி போடாமல் அடங்கியிருந்த பெண் நரிகளுக்கும் இதனால் வழி திறக்கிறது. முன்னே சொன்ன கணக்கின்படி, பிரிட்டனில் வருஷந்தோறும் பிறக்கும் நரிக்குட்டிகள் சுமார் 4,25,000. மொத்தத் தொகை ஒரே நிலையில் நிற்க வேண்டுமானால், மனிதன் கை வைக்காவிட்டாலும் ஏறக்குறைய அத்தனை நரிகள் வருஷந்தோறும் இறந்தே ஆகவேண்டும். இந்நிலையில் ஒரு நகரசபையின் ஆள் கொல்லும் சில நூறு நரிகள், எப்படியும் இறக்க இருந்தவற்றில் ஒரு பங்கே.

நரித்தொகை குறைந்ததே இல்லையோ என்றால், ஒரு முறை குறைந்தது. பிரிஸ்டல் நகரத்தில், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 30-க்கு மேற்பட்ட நரிகள் என்னும்படி தொகை பெருகியிருந்த சமயத்தில், 1994-ம் வருஷத்தில் சொறிநோய் தோன்றிற்று. தோலுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணியினால் உண்டாகும் இந்நோய், நரிக்கு நரி தொற்றி, சுமார் இரண்டு வருஷங்களுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட நரிகளை மாய்த்துவிட்டது. மீண்டும் அவை பெருகப் பத்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. நோய் செய்த இவ்வேலையை மனிதன் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொரு வருஷமும் செய்தாக வேண்டும். வீட்டுக்கு வீடு மதிலும், வீட்டுக்கு வீடு வேறு அபிப்பிராயமும் உள்ள நகரத்தில் அது கனவிலும் கூடாத காரியம்.

கிராமப்புறத்தைப்பற்றியும் ஒரு பரீட்சை தற்செயலாக நடந்தது. 2001-ம் வருஷத்தில் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபொழுது, நோய் பரவாதிருக்க வேண்டி, வேட்டை நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவது ஏறக்குறைய பத்து மாதங்கள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. தடைக்கு முன்னும் பின்னும் அதே நிலப்பகுதிகளில் நரியின் எச்சங்களை எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர், தொகை பெருகவில்லை என்று கண்டு 2002-ம் வருஷத்தில் வெளியிட்டனர். இதைக்கொண்டு, ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் சமயத்தில் ஒரு பண்ணையின் பக்கம் வந்து பழகிவிட்ட நரியைச் சுடுவதும் வீண் என்று முடிவு கட்டிவிடலாகாது. அந்தப் பண்ணைக்கு அந்தச் சில வாரங்களில் அது உதவக்கூடும். ஒரு தேசத்தின் நரித்தொகை அதனால் குறையும் என்பதே ஆதாரமற்ற நம்பிக்கை.

ஐரோப்பாக் கண்டத்தில் இதனினும் பெரிய பாடம் கிடைத்திருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் செந்நரிகளிடையே வெறிநோய் பரவி, வருஷத்துக்கு வருஷம் மேற்கு நோக்கி முன்னேறியது. வளைகளில் விஷப் புகை அடித்தும், துப்பாக்கியால் சுட்டும், பல தேசங்கள் ஏராளமான நரிகளைக் கொன்றன. ஒருசில எல்லைகளில் தவிர, நோயின் போக்கு அதனால் தடைப்படவில்லை. 1978-ம் வருஷத்தில் ஸ்விட்ஜர்லாந்து தேசத்தின் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தடுப்பு மருந்து வைத்த கோழித் தலைகளைக் காட்டில் போட்டு நரிகளைத் தின்னச் செய்தார்கள். மருந்துண்ட நரி தன் எல்லையிலேயே உயிரோடு இருந்து, நோய் கொண்ட வேற்று நரியை அண்டவிடாமல் காத்தது. இம்முறையை விரிவாகக் கையாண்டு அத்தேசம் 1999-ம் வருஷத்தில் வெறிநோயற்ற தேசமாக அறிவிக்கப்பட்டது.

சட்டம்

பிரிட்டனில் நகரசபைகளுக்கு நரியை ஒழிக்கும் கடமையைச் சட்டம் விதிக்கவில்லை. ஆகையால் மனுக் கொடுப்பவருக்குப் பெரும்பாலும் யோசனையே பதிலாகக் கிடைக்கிறது. சொந்த நிலத்தில் நரியைக் கொல்வது தன்னளவில் குற்றமன்று. கொல்லும் விதத்துக்குத்தான் கட்டுப்பாடுகள் பல. நரிக்கு விஷம் வைப்பது முழுதும் விலக்கப்பட்டது. அதற்கென்று அநுமதி பெற்ற விஷம் எதுவும் இல்லை. வளையில் புகை அடிப்பதும் அவ்விதமே. தானே இறுகும் சுருக்குக் கண்ணிகளை 1981-ம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. எல்லா வகைக் கண்ணிகளையும் வேல்ஸ் பகுதி 2023-லும், ஸ்காட்லாந்து 2024-லும் விலக்கிவிட்டன. நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ம் வருஷத்துச் சட்டம் நிறுத்தியது. பிடிபட்ட பிராணியை வதைப்பது 2006-ம் வருஷத்துப் பிராணி நலச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிடலாமே என்று நல்லெண்ணமுள்ளோர் பலர் கேட்கின்றனர். கேட்பதற்கு இனிய யோசனைதான். ஆனால் அந்நிய எல்லையில் விடப்பட்ட நரி அங்குள்ளவற்றால் துரத்தப்பட்டு, இரை கிடைக்குமிடம் அறியாமல், பாதையில் அடிபட்டோ பட்டினியாலோ மாளுகிறது. காலியான இடத்துக்கு வேறு நரி வந்துவிடுகிறது. இதனை அங்குள்ள பிராணிநலச் சங்கத்தினரே ஆதரிப்பதில்லை.

கோழி வளர்ப்போர் அறிய வேண்டியவை

கோழி இழந்தவருடைய கோபம் நியாயமானது. காலையில் கூட்டைத் திறந்தால் பன்னிரண்டு கோழிகளும் கழுத்தறுந்து கிடக்க, ஒன்றை மட்டும் நரி தூக்கிச் சென்றிருக்கும். “தின்பதற்கன்று, கொலை வெறியால் கொன்றது” என்று ஜனங்கள் சொல்லுவது இக்காட்சியைக் கண்டுதான். உண்மை வேறு. காட்டுப் பறவைக் கூட்டத்தில் நரி ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்துவிடும். கிடைத்ததை உடனே கொன்று, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் புதைத்துவைத்துப் பிற்பாடு தின்பது அதன் சுபாவம். கூட்டுக்குள் அடைபட்ட கோழிகள் பறந்தோட வழியின்றிச் சிறகடிக்கும் வரையில், கொல்லும் உணர்ச்சி தணிவதில்லை. விடிவதற்குள் மனிதர் வராமலிருந்தால் எல்லாவற்றையும் சுமந்து போயிருக்கும். முட்டைகளையும் இவ்விதமே மண்ணில் புதைக்கும். ஆகையால் ஒரு முறை கூட்டுக்குள் நுழைந்த நரி மறுநாள் இரவும் நிச்சயம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே வைக்குமேயன்றி நரியை வெளியே வைக்காது. அதைப் பல்லால் கடித்துக் கிழித்துவிடும். பற்றவைத்த கெட்டிக் கம்பிவலையே தக்கது. நான்கைந்து அங்குல இடைவெளி இருந்தால் நரி உடலைச் சுருக்கி நுழைந்துவிடுமாகையால், கதவின் அடியிலும் மூலையிலும் உள்ள சந்துகளைக் கவனிக்க வேண்டும். வேலி ஆறு அடிக்குக் குறையாத உயரம் இருப்பதுடன், மேல்முனையை ஓரடி வெளிப்புறம் சாய்த்து விட்டால் ஏறி வரும் நரி தடுமாறும். எல்லாவற்றிலும் மேலானது கூரையும் வலையால் மூடியிருப்பது. அடிப்புறத்தில் வலையைப் பூமிக்குள் ஒன்றரை அடி இறக்கலாம். பாறையான நிலத்தில், தரையோடு தரையாக ஓரடி அகலத்துக்கு வெளிப்புறம் விரித்துக் கல் பாரம் வைத்துவிடலாம். நரி வேலியின் அடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும். ஓரடி பின்வாங்கித் தோண்டும் யுக்தி பெரும்பாலும் அதற்குத் தோன்றுவதில்லை.

கதவைச் சாத்துவதிலேயே பெரும்பாலோர் தவறுகின்றனர். பல இழப்புகளில் வேலி பழுதாக இருந்ததில்லை. சாயங்காலம் ஒரு நாள் சாத்த மறந்திருப்பார்கள். வெளிச்சம் குறைந்தவுடன் தானே மூடிக்கொள்ளும் சிறு கதவுகள் அங்கே விற்பனையாகின்றன. குட்டிகளுக்கு இரை தேட வேண்டிய ஏப்ரல், மே மாதங்களில் நரி பகலிலும் வரும். தாழ்ப்பாள் வெறும் கொக்கியாக இராமல் திருகிப் பூட்டுவதாக இருத்தல் நலம்.

மின்சார வேலியும் அந்நாட்டில் வழங்குகிறது. விட்டுவிட்டு மிகச் சிறு நேரம் அதிர்ச்சி தரும் விசேஷக் கருவி கொண்டே அது இயங்குகிறது. நரியின் மூக்கில் ஒரு முறை பட்டால் அந்தப் பக்கம் நெருங்காது, ஆனால் உயிருக்கு அபாயமில்லை. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இந்நாட்டில் காட்டுப்பன்றிக்கென்று அவ்விதம் போட்ட கம்பியில் மனிதரும் யானைகளும் மாண்டிருப்பது கிராம அதிகாரிகள் நன்கறிந்ததே. அது சட்டப்படியும் குற்றம்.

தோட்டமும் கொட்டகையும்

தரையில் பதியாத மரத்தளத்துக்கடியிலும், சாமான் கொட்டகைக்கடியிலும் நரி வளை அமைப்பதே நகரத்தில் அடிக்கடி வரும் புகார். குட்டிகள் இருக்கும்பொழுது வாயிலை அடைப்பது கூடாது. தாய் வெளியே நிற்க, குட்டிகள் உள்ளே சாகும். அல்லது தாய் எவ்வழியிலாவது தளத்தைப் பெயர்த்து நுழையும். வீட்டுக்காரருக்கு நாற்றமும், சட்டப்படி தண்டனையும் மிஞ்சக்கூடும். பொறுக்க முடியாதவர், வாயிலருகே மனித நடமாட்டத்தை மிகுவித்தால், தாய் பெரும்பாலும் தானே குட்டிகளைக் கவ்வி வேறிடம் கொண்டுபோகும். பொறுக்கக் கூடியவர் ஜூன் முடியும்வரை காத்திருப்பது உத்தமம். பிறகு வாயிலில் வைக்கோலை லேசாக அடைத்து நாலைந்து நாள் கவனிக்க வேண்டும். வைக்கோல் அசையாமலிருந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அப்பொழுது கெட்டிக் கம்பிவலையைச் சுற்றிலும் மண்ணுக்குள் பதித்து மூடிவிட்டால், அடுத்த ஜனவரியில் இடம் தேடும் பெண் நரிக்கு அவ்விடம் பயன்படாது.

பாத்திகளை நரி தோண்டுவதற்கு விவசாயிகளே எளிதில் ஊகிக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. எலும்புத் தூள், மீன் உரம், உலர்ந்த இரத்த உரம் ஆகியவற்றைப் போட்டு ரோஜாச் செடி நட்டால், அடியில் பிணம் புதைத்திருப்பதாக நரி எண்ணித் தோண்டுகிறது. தாவர உரத்துக்கு மாறினால் தொல்லை நின்றுவிடும். நாற்றத்தால் விரட்டும் மருந்துகளில் அங்கே அநுமதி பெற்றவை மிகச் சில. அவற்றுள் ஒன்று அலுமினியம் அம்மோனியம் ஸல்பேட் என்னும் படிகார வகை. அந்துருண்டை, டீஸல் எண்ணெய், சிங்கத்தின் சாணம் என்று அண்டை அயலார் கூறும் வைத்தியங்கள் எண்ணற்றவை. அநுமதி பெறாத பொருளை இவ்விதம் உபயோகிப்பது குற்றமாகலாம் என்பதோடு, மழை பெய்தால் இவை பயன்படுவதுமில்லை.

குப்பையை மூடியுள்ள தொட்டியில் போடுதல், உதிர்ந்த பழத்தைப் பொறுக்குதல், பறவைத் தீனி தரையில் சிந்தாமல் பார்த்தல் ஆகியவை ஒரு வீட்டார் மட்டும் செய்தால் பயன் தருவதில்லை. தெரு முழுவதும் செய்ய வேண்டும். இங்கேதான் தீனி போடும் அண்டை வீட்டாரின் பிரச்னை வருகிறது. நரிக்குத் தீனி போடுவதைப் பொதுவாக எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பலர் தனிமையில் வாழும் முதியோர். நரியின் வருகையே அவர்களுக்கு மாலை நேரத்துத் துணை. ஆனால் கையிலிருந்து உண்ணப் பழகிய நரி, எல்லா மனிதரையும் தன் எஜமானராகவே எண்ணி, மற்றொருவர் வீட்டின் சமையலறைக்குள் அச்சமின்றி நுழைகிறது. அங்கே அது விரும்பப்படும் விருந்தாளி அன்று. மனுக்களை விசாரித்த அதிகாரிகள், பொறிவைப்பதைக் காட்டிலும் அந்த வீட்டாரிடம் அரை மணி நேரம் பேசிப் பார்ப்பது பலனளிக்கக் கூடியது என்று கூறுவதில் வியப்பில்லை.

பயமும் உண்மையும்

2010-ம் வருஷம் ஜூன் மாதத்தில், லண்டனில் ஹாக்னி பகுதியில், வெப்பத்தின் காரணமாகத் திறந்திருந்த கதவு வழியே நுழைந்த நரி, தொட்டிலில் உறங்கிய ஒன்பது மாத இரட்டைக் குழந்தைகளைக் கடித்துக் காயப்படுத்தியது. 2013-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ப்ராம்லி பகுதியில் ஒரு பச்சிளங் குழந்தையின் கை கடிபட்டது. அப்பொழுது லண்டன் மேயராயிருந்த போரிஸ் ஜான்ஸன், பரோத் தலைவர்கள் நரித்தொல்லையைக் கவனிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இச்சம்பவங்கள் உண்மையானவை, பெற்றோரின் கலக்கத்தை அற்பமாக்குவது முறையன்று. ஆயினும் இவை மிக அரிதானவை. நாய்க்கடியால் அங்கே ஆஸ்பத்திரிக்கு வருஷந்தோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். குழந்தை உறங்கும் அறையின் கதவைத் திறந்துபோட்டு அகலாதிருப்பதே இதற்குத் தக்க காப்பு.

பூனைகள் விஷயத்தில் நேர்மாறான வேடிக்கை நடந்தது. தென் லண்டனில் பூனைகளின் தலையும் வாலும் துண்டிக்கப்பட்டுக் கிடக்கக் கண்ட ஜனங்கள், கத்தி கொண்டு திரியும் ஒரு கொடிய மனிதனின் செயல் என்று நம்பினர். போலீஸார் சுமார் மூன்று வருஷங்கள் புலன் விசாரித்து, 2018-ம் வருஷத்தில் மனிதன் செய்ததற்குச் சான்றில்லை என்று விசாரணையை முடித்தனர். பெரும்பாலும் வாகனங்களில் அடிபட்டு இறந்த பூனைகளை நரி முதலிய பிராணிகள் கடித்துத் துண்டித்திருக்கின்றன என்பது அவர்களுடைய முடிவு. செத்ததைத் தின்னும் நரியையும் கொன்று தின்னும் நரியையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது. விவசாயி தன் ஆட்டுக்குட்டியின் மிச்சத்தைக் கண்டு நரிமேல் பழி போடும்பொழுதும் இதே சங்கடம்தான்.

தமிழ் நாட்டில் நிலைமை இரண்டு விஷயங்களில் முற்றும் வேறு. இங்குள்ள நரியும் குள்ளநரியும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. கண்ணி வைப்பதும், விஷம் வைப்பதும், மாமிசத்துக்குள் வெடி பொதிந்து வைப்பதும் குற்றம். தொல்லை மிகுந்தால் வன இலாகாவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, பிரிட்டனின் நரிகளிடையே வெறிநோய் இல்லை. இந்நாட்டில் அந்நோய் உண்டு. பகலில் ஊருக்குள் வந்து தூண்டுதலின்றிக் கடிக்கும் நரியை வெறிநோய் கொண்டதாகவே கருத வேண்டும். கடிபட்ட இடத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் அப்பாமல், அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசியும், காயத்தைச் சுற்றிச் செலுத்தும் மருந்தும் பெற வேண்டும். குறித்த நாட்களில் மற்ற ஊசிகளையும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். கடிபட்ட மாட்டைத் தனியே கட்டிக் கால்நடை வைத்தியருக்குத் தகவல் கொடுப்பதுடன், தீனி இறங்காமல் வாய்நீர் வடிக்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறதென்று வெறுங்கையை உள்ளே விட்டுப் பார்க்கலாகாது.